சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் இரயில் பாதை

சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் இரயில் பாதை என்பது சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் தொடங்கி, வங்கக் கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்று, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியை அடையும் அகல இரயில் பாதையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 48 கி.மீ. சில வண்டிகள் மாநில எல்லையைத் தாண்டி ஆந்திராவின் சூளூர்ப்பேட்டை வரை, அதாவது 83 கி.மீ. வரை செல்கின்றன. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளும் உண்டு. சென்னைப் புறநகர் இரயில் சேவையில் இது வடக்குப் பாதை எனப்படுகிறது.

தாம்பரம் பாதையைப் பற்றியும் பறக்கும் இரயிலைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். வடக்குப் பாதையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் மூன்று துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு ஓடும் புறநகர்ப் பாதை தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவையே அவை. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பல்கள் வந்து நின்ற பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் பொன்னேரியில்தான் இறங்குகிறார்கள்.

நிலையங்கள்

மூர் மார்க்கெட் வளாகத்தை விட்டால் வரிசையாக வருபவை: பேசின் பாலம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. அதற்கு அப்பால் ஏளாவூர், ஆரம்பாக்கம். பிறகு ஆந்திர எல்லைக்குள் தடா, அக்கம்பேட்டை, சூளூர்ப்பேட்டை. சூளூர்ப்பேட்டை ஆந்திராவில் இருந்தாலும் இரயில்வே நிருவாகத்தில் தெற்கு இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. கூடூர் வரை இந்தக் கோட்டத்தின் கைதான்.

இந்தப் பெயர்கள் சிலவற்றில் வடசென்னையின் தொழில் வரலாறே அடங்கியிருக்கிறது. பேசின் என்பது கால்வாய்ப் படகுகள் வந்து நிற்கும் நீர்த்தேக்கம். அதன்மேல் கட்டிய பாலத்தின் பெயர் நிலையத்துக்கு வந்தது. பக்கத்தில் உள்ள சால்ட் கோட்டர்ஸ் சரக்குக் கிடங்கின் பெயரில் 'கோட்டர்ஸ்' என்று ஒலிப்பது நம் கொட்டாரம்தான். உப்பைக் குவித்து வைத்த இடம். விம்கோ நகர் என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலெழுத்துகளைக் கோத்து வந்தது. தீப்பெட்டிக்குச் சூட்டிய பெயர் ஊருக்கும் இரயில் நிலையத்துக்கும் ஆகி, இப்போது மெட்ரோ நிலையத்துக்கும் ஆகிவிட்டது.

அத்திப்பட்டு என்றதும் 2001-ல் வந்த 'சிட்டிசன்' திரைப்படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும் ஊரைப் பலர் நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கற்பனை ஊரின் பெயர் அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு, நன்றாகவே இருக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் விட்டதில்லை.

இரயிலுக்கு முன் படகு

இந்தப் பாதை வருவதற்கு முன்பு சென்னைக்கும் எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளுக்கும் இடையே ஆளும் சரக்கும் போனது கால்வாய்ப் படகில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில் காக்ரேன் என்ற பிரித்தானிய வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாகக் கால்வாயின் பல பகுதிகள் வெட்டப்பட்டன. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆந்திராவின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளமுள்ள நீர்வழி அது. விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் அதன் வழியாகத்தான் நகரத்துக்கு வந்தன.

பயணி ஒருவர் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வர வேண்டுமானால் படகு காற்றையும் கழியையும் நம்பி நகரும். கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பதும் உண்டு. 1899-ல் சென்னையிலிருந்து கூடூர் வழியாக விசயவாடா வரை அகலப் பாதை இணைந்தபோது அந்தப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. சென்னையும் கல்கத்தாவும் கடற்கரை வழியாக இரயிலில் இணைந்ததும் இந்த இணைப்பால்தான். அன்று பாதை மெட்ராஸ் இரயில்வே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1908-ல் அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா இரயில்வேயாகவும், 1951-ல் தெற்கு இரயில்வேயாகவும் ஆனது.

கால்வாய் உடனே செத்துவிடவில்லை. விறகும் உப்பும் விலைமலிந்த சரக்கு. அவற்றுக்கு இரயில் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆகவே படகுகள் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. 1965, 1966 ஆண்டுகளில் அடித்த புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமானது. மணல் தூர்ந்த பிறகு அதைச் சீர்செய்ய யாரும் பெரிதாக முயலவில்லை. இன்று கொருக்குப்பேட்டையைக் கடக்கும்போது சன்னல் வழியே தெரியும் கறுப்பு நீர்தான் அந்த நீர்வழி என்றால் இளைஞர்கள் நம்புவதில்லை.

மின்மயமும் 'யூனிட்'டும்

சென்னையில் முதன்முதலில் மின்சார இரயில் ஓடியது 1931-ல், கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையில். வடக்குப் பாதைக்கு மின்சாரம் வர இன்னும் 48 ஆண்டுகள் ஆயின. 1979-ல் சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டிப் பகுதி 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் மின்மயமாக்கப்பட்டது. அதுவரை நீராவி, டீசல் இஞ்சின்கள் இழுத்த பாசஞ்சர் வண்டிகளே இருந்தன.

பயணிகள் இந்த மின்சார வண்டியை 'யூனிட்' என்பார்கள். "ஆறு இருபது யூனிட்டைப் பிடிச்சிட்டா போதும்" என்பது இப்பக்கத்துப் பேச்சு. பெயர்க் காரணம் எளிது. இந்த வண்டிக்குத் தனி இஞ்சின் கிடையாது. சில பெட்டிகள் சேர்ந்தது ஒரு யூனிட். அதில் ஒரு பெட்டியின் அடியில் மின்மோட்டார் இருக்கும். அப்படிப்பட்ட யூனிட்டுகளைக் கோத்து 9 பெட்டி, 12 பெட்டி வண்டியாக ஓட்டுகிறார்கள். இழுக்கும் விசை வண்டியின் ஒரு முனையில் மட்டும் இல்லாமல் பல இடங்களில் பகிர்ந்திருப்பதால், வண்டி சட்டென்று வேகமெடுக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்ப வேண்டிய வண்டிக்கு இது இன்றியமையாதது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் கடைசி நிலையத்தில் இஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை.

ஓடும் வண்டியில் சில இடங்களில் விளக்கும் விசிறியும் சில நொடி அணைந்து மீண்டும் வருவதைப் பயணிகள் கவனித்திருப்பார்கள். அது பழுதன்று. மேலே செல்லும் மின்கம்பிக்குப் பல துணைமின்நிலையங்கள் மின்சாரம் தருகின்றன. ஒரு துணைமின்நிலையத்தின் மின்னோட்டமும் அடுத்ததன் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் இருக்காது. இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஆபத்து. எனவே இடையே மின்சாரமில்லாத சிறு துண்டு ஒன்றை விட்டிருப்பார்கள். ஓட்டுநர் அந்த இடத்தில் மின்சாரத்தைத் துண்டித்து, ஓடிய வேகத்திலேயே வண்டியை உருள விட்டு, தாண்டியதும் மீண்டும் இணைப்பார். இயற்பியல் பாடத்தில் மாறுமின்னோட்டத்தின் கட்டம் என்ற சொல்லைப் புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

புறநகர் வண்டிகள் புறப்படும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன சந்தை. 1985 மே 30 அன்று அது தீயில் எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்றைய இரயில்வே வளாகம் எழுந்தது. சென்ட்ரல் நிலையம் 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய இரயில் நிலையம் என்று பெயர் பெற்றது. பயணச்சீட்டுக் கேட்பவர்கள் இன்னும் "சென்ட்ரல் ஒண்ணு" என்றுதான் கேட்கிறார்கள்.

வேலைக்குப் போகும் பாதை

தாம்பரம் பாதையில் காலையில் கூட்டம் நகரத்தை நோக்கிப் போகும், மாலையில் திரும்பும். வடக்குப் பாதையில் அப்படியில்லை. இங்கே காலையில் இரு திசையிலும் கூட்டம். பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து நகரத்துக்குக் கடை வேலை, அலுவலக வேலை, கல்லூரி என்று போகிறவர்கள் ஒரு பக்கம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்து வடக்கே ஆலைகளுக்குப் போகிறவர்கள் மறுபக்கம்.

காரணம் இந்தக் கரையோரம் முழுவதும் தொழிற்சாலைகளாக இருப்பதுதான். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. எம்.ஆர்.எப். டயர் ஆலையும் அங்கேதான். 1960-களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அடுத்து எண்ணூர் அனல் மின்நிலையம். அது 2017-ல் மூடப்பட்டுவிட்டது. 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம், பின்னர் வல்லூர் அனல் மின்நிலையம். கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்தது. அங்கே வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளர்களால் மாலை யூனிட்டில் இந்தியும் ஒடியாவும் தமிழுக்கும் தெலுங்குக்கும் சமமாகக் கேட்கும். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து கூலி வேலைக்கு நகரம் வரை வந்து திரும்புகிறவர்களுக்கும் இதுவே வழி.

இவர்களுக்கெல்லாம் இந்த வண்டி ஏன் உயிர்நாடி என்பதைக் கட்டணத்தை வைத்தே சொல்லலாம். புறநகர் இரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களுக்கான தொகை. மாதம் 25 நாள் போய்த் திரும்பினால் 50 பயணம். அதில் 35 பயணம் இலவசம் என்று கணக்கு. பேருந்தில் இதே தூரத்துக்குப் பல மடங்கு ஆகும். நாள்கூலிக்குப் போகிற ஒருவருக்கு இந்த வேறுபாடு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டிலிருந்து கல்வி நிலையத்துக்குச் சென்று வர, மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவர்களுக்குப் 12-ஆம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு கட்டணமில்லாமல் தரப்படுகிறது. கல்வி நிலையத் தலைவரின் சான்று வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இந்தச் சான்றுப் படிவம் அலமாரியில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு பெண் பிள்ளை பேருந்துச் செலவுக்குப் பயந்து பத்தாம் வகுப்போடு நின்றுவிட இருந்தது. படிவம் எழுதிக் கொடுத்த மறுவாரம் மீஞ்சூரிலிருந்து யூனிட்டில் வரத் தொடங்கியது. பட்டம் முடித்த பிறகும் என்னைப் பார்த்தால் அந்தச் சீட்டைத்தான் பேசும்.

வண்டி ஏன் நிற்கிறது?

இந்தப் பாதையில் பயணம் செய்யும் எவரும் சொல்லும் முதல் குறை இதுதான். கால அட்டவணைப்படி மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆகும். நடப்பில் அத்திப்பட்டிலோ மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வண்டி காரணம் தெரியாமல் நின்றுவிடும். "கிராசிங்குக்கு நிக்குது" என்பார்கள்.

அந்தச் சொல் ஒற்றைப் பாதைக் காலத்துச் சொல். எதிர் எதிரே வரும் வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் விலகிப்போக ஒன்று காத்திருப்பதே கிராசிங். இங்கே பாதை இரட்டை. போக ஒன்று, வர ஒன்று. நிற்பதற்குக் காரணம் வேறு. பின்னால் வரும் வேகமான வண்டி முந்திப் போகவேண்டும்.

தாம்பரம் பக்கம் புறநகர் வண்டிக்கென்று தனித் தண்டவாளம் உண்டு. அரக்கோணம் பாதையிலும் பெரும்பகுதிக்குக் கூடுதல் தண்டவாளங்கள் உள்ளன. வடக்கில் அத்திப்பட்டு வரை கூடுதல் பாதைகள் இருக்கின்றன. அதற்கு அப்பால் கும்மிடிப்பூண்டி வரை இரண்டே தண்டவாளம். சென்னையிலிருந்து கல்கத்தா, தில்லி, விசயவாடா, ஐதராபாத் பக்கம் போகும் விரைவு வண்டிகள் பலவும் அந்த இரண்டிலேதான் ஓட வேண்டும். துறைமுகச் சரக்கு வண்டிகளும் அதே தண்டவாளத்தில்தான். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஓட அனுமதிக்கப்பட்ட பாதை அது. அதே தண்டவாளத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று போகும் யூனிட்டும் ஓடுகிறது. முன்னால் யூனிட் போனால் பின்னால் வரும் விரைவு வண்டிக்கு மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. ஆகவே நிலைய அதிகாரி யூனிட்டை நிலையத்தின் கிளைப் பாதையில் ஒதுக்கிவிட்டு விரைவு வண்டியை முதலில் விடுவார். ஒரு விரைவு வண்டி தாமதமாக வந்தால் அதன் தாமதம் யூனிட்டின் தலையில் விழும். அந்த யூனிட்டின் தாமதம் அடுத்த யூனிட்டுக்குப் போகும். குடும்பத்தில் கடைசிப் பிள்ளைக்கு அண்ணன்மாரின் பழைய சட்டை வருவதைப் போலத்தான்.

2011-க்குப் பிறகு சரக்கு நெருக்கடியும் கூடியது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவதால் தூசு பறந்து சுற்றுப்புற மக்கள் துன்புற்றனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, அந்த ஆண்டு அச்சரக்குகள் அங்கே நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறின. இராயபுரத்து மக்களுக்கு அது விடுதலை. அந்த நிலக்கரி எண்ணூர் வழியாகப் போகத் தொடங்கியதில் வடக்குப் பாதையின் சுமை ஏறியது. நகரம் ஒன்றைத் தள்ளிவிடும்போது அது எங்கே போய் விழுகிறது என்பதை இப்பக்கத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

அத்திப்பட்டு – கும்மிடிப்பூண்டி இடையே மூன்றாவது, நான்காவது பாதைகள் அமைக்க வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. நிதிநிலை அறிக்கை வரும்போதெல்லாம் பயணிகள் சங்கத்தார் இந்த வரியைத் தேடுவார்கள். என் கருத்தில் கூடுதல் வண்டி விடுவதைவிட இதுவே முதலில் வேண்டும். இருக்கிற தண்டவாளத்தில் இன்னும் பத்து வண்டி விட்டால், நிற்கிற வண்டிகளின் எண்ணிக்கைதான் பத்து கூடும்.

கவரைப்பேட்டை விபத்து

2024 அக்டோபர் 11 இரவு மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு வண்டி கவரைப்பேட்டை நிலையத்தில் நிற்காமல் முதன்மைப் பாதை வழியே போகவேண்டியிருந்தது. சிக்னலும் அதற்கே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வண்டி கிளைப் பாதைக்குத் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்புறம் மோதியது. பெட்டிகள் பல தடம்புரண்டன, தீயும் பற்றியது. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு இல்லை.

இது நடப்பதற்கு 16 மாதங்கள் முன்பு, 2023 சூன் 2 அன்று, ஒடிசாவின் பாகாநாகாவில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி இதே வகையில் கிளைப் பாதைக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. அங்கே 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோரமண்டல் வண்டி கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் சென்னைக்கு வரும் என்பதால், அந்தச் செய்தியை இப்பக்கத்தில் எவரும் தொலைவில் நடந்ததாகக் கேட்கவில்லை. தண்டவாளம் பிரியும் இடத்தில் உள்ள நகரும் நாக்குப்போன்ற கம்பியும், சிக்னல் விளக்கும் ஒன்றுக்கொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும். நாக்கு கிளைப் பக்கம் இருக்கும்போது முதன்மைப் பாதைக்கான பச்சை விளக்கு எரியவே கூடாது. இந்தப் பூட்டு எங்கோ குலைந்தால்தான் இத்தகைய விபத்து நேரும்.

கவரைப்பேட்டைக்கு மறுநாள் பாதையில் சேவை முடங்கியபோது, யூனிட் இல்லாவிட்டால் இந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்தது. சி.என்.டி. சாலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் குவிந்து நின்றார்கள்.

எண்ணூர்க் கழிமுகம்

பயணத்தில் சன்னலோரம் கிடைத்தால் எண்ணூரைத் தாண்டியதும் வெளியே பார்க்க வேண்டும். இரயில் கொசத்தலை ஆற்றின் கழியைக் கடக்கும். ஒரு பக்கம் அலையாத்திச் செடிகளும் சிறு படகுகளும். மறுபக்கம் புகைபோக்கிகளும் உயர் அழுத்த மின்கோபுரங்களும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க உப்பளம். வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசச்செய்யும்.

காமராஜர் துறைமுகம் 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் என்ற பெயரில் செயல்படத் தொடங்கியது. நாட்டின் 12-ஆவது பெருந்துறைமுகம். நிறுமமாக அமைக்கப்பட்ட முதல் பெருந்துறைமுகமும் அதுவே. 2014-ல் இன்றைய பெயர் பெற்றது. முதலில் மின்நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்டது. இப்போது கார் ஏற்றுமதியும் நடக்கிறது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012-ல் வந்தது.

மின்நிலையச் சாம்பல் கழியில் கலந்து ஆற்றைத் தூர்த்திருக்கிறது. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மக்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கழிமுகம் முழுவதும் பரவியது. அப்போது எண்ணூரில் இறங்கி ஏறும் மீன்காரப் பெண்களின் கூடைகள் பல நாள் வண்டியில் காணப்படவில்லை. அந்தக் கூடை வண்டியில் ஏறினால் முகம் சுளிக்கிறவர்கள்கூட அந்த வாரம் அதைத் தேடினார்கள்.

மீஞ்சூரில் சிக்கல் நிலத்தடியில் இருக்கிறது. சென்னைக் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் இங்கே பல பத்தாண்டுகள் நீர் எடுத்ததில், கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் புகுந்துவிட்டது. தென்னைக்குப் பாய்ச்சிய கிணற்று நீரே கரித்தது. பிறகு அதே மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் வந்தது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

கப்பலுக்கும் படகுக்கும் போகிறவர்கள்

கப்பலைப் பிடிக்க இரயில் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது தனுசுக்கோடிதான். சென்னை எழும்பூரிலிருந்து தனுசுக்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு இரயில் என்று ஒரே பயணச்சீட்டில் போக முடிந்தது. 1964 திசம்பர் புயல் அந்தத் துறையையும் தண்டவாளத்தையும் கொண்டுபோனது.

வடக்குப் பாதைக்கு அந்த அளவு புகழ் இல்லை. ஆனால் கப்பல் தொடர்பு உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரை நிலையம் வரை வரும் யூனிட்டில் ஏறினால், இறங்குமிடத்துக்கு எதிரே சென்னைத் துறைமுகம். அந்தமான் போகும் பயணிகள் கப்பல் அங்கிருந்துதான் புறப்படும். போர்ட் பிளேர் சேர ஏறத்தாழ மூன்று நாள். ஒரு காலத்தில் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இதே துறையிலிருந்து கப்பல் ஏறினார்கள்.

பழவேற்காட்டுக்குப் போக விரும்புவோர் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுவே. இன்று கோட்டை புதர்மேடு. டச்சுக் கல்லறைகள் மட்டும் ஓரளவு நன்றாக உள்ளன. குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். பொன்னேரியிலேயே இறங்கி நிற்பவர்கள் ஆரணி ஆற்றங்கரையில் அகத்தீசுவரர் கோயிலையும், அருகே கரிகிருட்டிணப் பெருமாள் கோயிலையும் பார்க்கலாம். சித்திரையில் இரு தெய்வங்களும் எதிரெதிரே சந்திக்கும் விழா நடக்கும். அன்று வரும் யூனிட்டில் நிற்கவும் இடம் இருக்காது.

சோழவரத்திலிருந்து

சோழவரத்துக்கு இரயில் நிலையம் இல்லை. ஏரியும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமும், அதன்மேல் பல்லாண்டு நடந்த கார் பந்தயமும் ஊருக்குப் பெயர் தேடித் தந்தன. இரயில் மட்டும் கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. சோழவரம், காரனோடை, பஞ்செட்டிப் பக்கத்தார் சி.என்.டி. சாலையில் பேருந்து பிடித்து நேரே நகரத்துக்குப் போகலாம். நெரிசல் நேரத்தில் செங்குன்றத்தைத் தாண்டவே பொழுது போய்விடும். எனவே பலர் இருசக்கர வண்டியில் மீஞ்சூருக்கோ, தச்சூர் கூட்டுரோடு வழியாகப் பொன்னேரிக்கோ போய், நிலைய வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு யூனிட் ஏறுகிறார்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, சிலர் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறுகிறார்கள். விமான நிலையம் வரை மாறாமல் போகலாம் என்பது வசதி. கட்டணம்தான் யூனிட்டை விடப் பல மடங்கு. சம்பள நாளுக்கு அடுத்த வாரம் மெட்ரோவில் தெரியும் முகங்கள் மாதக் கடைசியில் மீண்டும் யூனிட்டில் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்கலாம்: நடுப்பகலில் வண்டிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு, தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில நாள் சேவையைக் குறைப்பதும் உண்டு. நிலையத்துக்கு வருமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. சூளூர்ப்பேட்டை வரை போக வேண்டியவர்கள், தாங்கள் ஏறுவது கும்மிடிப்பூண்டியோடு நிற்கும் வண்டியா என்று பெட்டி முகப்பில் உள்ள பலகையைப் பார்த்து ஏற வேண்டும்.